ஆச்சி ஒதுங்கியிருந்த நாட்கள்

பெண்களுக்கு நாற்பதைத் தாண்டி மாதவிலக்கு நிற்கிறபோது வருகிற சூட்டைப் பெரியாச்சி 'கடையடைப்பு' என்பார்.

"முப்பது வருசமாத் தெறந்து வச்சிருந்த கடை ஆத்தா. ஒரே நாள்ல பூட்டிட்டுப் போயிர முடியுமா? சாமானை எடுத்து அடுக்கணும், பலகையைச் சாத்தணும். சத்தம் கேக்கத்தான் செய்யும்."

காரைக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் பர்மாவில் கடை வைத்திருந்தார்கள். அதனால் பெண்களுக்கு இது சொன்னவுடன் விளங்கிவிடும்.

பெரியாச்சி என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு மூத்த ஓரகத்தி. அவரைத் தேடி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வைத்தியச்சி என்று சொல்ல முடியாது. நாடி பிடிக்கத் தெரியாது, மருந்துப்பெட்டி கிடையாது. எல்லாம் அடுப்படிச் சாமான்தான். கறுப்பு உளுந்து, கறுப்பு எள், கொஞ்சம் வெந்தயம், மூன்றையும் தனித்தனியாக வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டிக் கிண்டி, நல்லெண்ணெயை விட்டு விட்டுச் சுருள எடுப்பார். அந்தக் களியில் ஓர் உருண்டை காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். அதோடு மோரில் ஊறின வெந்தயம், வாரத்துக்கு இரண்டு எண்ணெய் முழுக்கு, புளியும் மிளகாயும் குறைத்த சாப்பாடு, விடிந்ததும் ஊருணியைச் சுற்றி ஒரு நடை. உளுந்து திருப்பத்தூர்ச் சந்தை உளுந்தாக இருக்க வேண்டும், தொலி போகக் கூடாது. இதில் மட்டும் ஆச்சி கண்டிப்பு. தெருப் பெண்கள் அதற்குக் கடையடைப்புக் களி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து எள்ளும் வெந்தயமும் வறுபடுகிற வாசனை வந்தால் போதும், அந்த வீட்டு ஆச்சிக்கு ஆரம்பித்துவிட்டது என்று நாலு வீடு தள்ளிப் பேச்சு கிளம்பிவிடும்.

ஒரு மார்கழியில் செக்காலையிலிருந்து ஒரு குடியானவர் வீட்டு அம்மாளைக் கூட்டிவந்தார்கள். பனி பெய்கிற காலத்தில் அவளுக்கு வியர்த்து ஊற்றுகிறது. காரணமில்லாமல் அழுகிறாள். முதல் நாள் செம்பைத் தூக்கிப் புருஷன் மேல் எறிந்திருக்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, உடுக்கடிக்கிற கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பி, பலிக்குச் சேவலும் வாங்கிக் கட்டியாகிவிட்டது. ஆச்சி அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"பேயுமில்ல பிசாசுமில்ல, கடையடைப்பு," என்று கூட வந்த நாத்தனாரிடம் சொன்னார் ஆச்சி. "கோடாங்கிக்கு வாங்கின சேவலைக் கொழம்பு வச்சு இவளுக்கே ஊத்துங்க. மத்ததை நான் சொல்றேன்."

பொங்கல் கழிந்து சில வாரத்தில் அவளே வந்தாள். தூக்கம் வருகிறதாம், வியர்வை குறைந்திருக்கிறதாம். புருஷன் மேல் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

"அது சூட்டுனால வந்ததில்லத்தா," என்றார் ஆச்சி. "அதுக்கு எங்கிட்டக் களி இல்ல."

அடுத்தவர் உடம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் தன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டார். தனக்கு எது வந்தாலும் 'இருக்கட்டும்' என்று சொல்வதோடு சரி. கடை நடத்த, எங்கள் பேச்சில் கொண்டுவிக்க, பர்மாவுக்குப் போன கணவர் இந்தத் தடவை வரவில்லை, இன்னொரு மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் வருவேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தை என் கணவர் படித்துக் காட்டினார். ஆச்சி கேட்டுவிட்டு "இருக்கட்டும்" என்றார், வற்றலைப் புரட்டிப்போட முற்றத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு மனுஷி ஒரு சொல்லாவது கூடச் சொல்ல வேண்டாமா?

அவருக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கணவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து சில மாதம் தங்கிவிட்டுக் கப்பலேறுவார். அந்தச் சில மாதத்தில் ஒன்று தங்கினால் உண்டு. தங்கவில்லை. எனக்கு இரண்டு ஆண். என் கணவருக்கு ஊரிலேயே வேலை, அதைத் தவிர எனக்கென்று தனிச் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது.

இரண்டாவது பையன் பிறந்து தொட்டிலில் கிடந்தபோதே மாமியார் சொல்லிவிட்டார்.

"இது மூத்தவ வீட்டுக்கு. அதுக்காக இப்பவே தூக்கிக் குடுன்னு சொல்லல. அவளுக்கு மாசா மாசம் வர்ற வரைக்கும் பிள்ளை கூட்டுற பேச்சு எடுக்கக் கூடாது. உள்ள ஒன்னு வர்ற நேரத்துல வெளியில ஒன்னைக் கூட்டினா சாமிக்கு அடுக்காது. அவளுக்கு நிக்கட்டும். நின்னதும் பையன் அங்குட்டு."

பிள்ளை கூட்டுவது என்றால் சுவீகாரம் எடுப்பது. அங்குட்டு என்றால் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம். எங்கள் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு தனித்தனி. ஆச்சி அந்தப்பக்கம் சமைத்தார், நான் இந்தப்பக்கம் சமைத்தேன். ஒருத்தி சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இன்னொருத்தி எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. கணவரை இழந்த மாமியார் ஒரு மாதம் ஆச்சி அடுப்பில் சாப்பிடுவார், ஒரு மாதம் என் அடுப்பில். அங்கே ஒரு பிள்ளையைக் கொடுத்தால் அவன் அந்த அடுப்புப் பிள்ளை. அவரை ஆத்தா என்பான், என்னைச் சின்னாத்தா என்பான். ஒரே வீட்டில்தானே இருக்கிறான் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர்களில் யாரும் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இல்லை.

அன்றிலிருந்து, வானம் பார்த்த பூமிக்காரன் மேகத்தைப் பார்க்கிற மாதிரி நான் ஆச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதம் ஒதுங்கினாரா, ஒதுங்கவில்லையா? மாமியாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியது வேறு வேறு.

ஒதுங்குகிற அறை பின்கட்டில் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. செங்கல் தரை, ஒரு பாய், தலைக்கு ஒரு மணைக்கட்டை. மூன்று நாள் அங்கேதான். ஒருத்தி ஒதுங்கினால் அவளுக்கும் அவள் வீட்டுக்கும் சோறு மற்றவள் அடுப்பிலிருந்து போக வேண்டும். நான் ஒதுங்கினால் என் பிள்ளைகளுக்கு ஆச்சி போடுவார், ஆச்சி ஒதுங்கினால் நான் தட்டைக் கொண்டுபோய் அறை வாசலில் வைப்பேன்.

அப்படித் தட்டோடு போன ஒரு சித்திரை மாதத்தில்தான் பார்த்தேன். ஆச்சி கிணற்றடியில் குந்தித் துணி அலசிக்கொண்டிருந்தார். பிழிந்தபோது வெறும் தண்ணீர் வந்தது. நனைத்த பழைய வேட்டித் துண்டு, அவ்வளவுதான். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அறைக்குள் போனார். நான் தட்டை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் அப்படித்தான், அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். நின்றுபோன ஒன்றுக்கு மாதம் தவறாமல் ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆச்சரியம் இல்லை, இரக்கம் இல்லை. ஆச்சி ஒதுங்குகிறவரை பிள்ளை என் பிள்ளை. அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று யோசித்தபோது, இனி இவளுக்கு இல்லை என்று ஊர் முடிவுகட்டிவிடுமே என்ற பயமாக இருக்கும் என்று நினைத்தேன். பெண்ணாகப் பிறந்தவளுக்கு அது ஒரு பெரிய பயம்தான். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஆனால் கடை அடைபடுகிற சத்தம் அவர் உடம்பிலும் கேட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து கழுத்துப் பக்கம் நனைந்துவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுப்புக் கனல் என்பார். அடுப்பு அணைந்து நேரமாகியிருக்கும். மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கன்னத்தை அழுத்திக் கிடப்பார். அந்த இடம் சூடானதும் அடுத்த கல்லுக்கு நகர்வார். கண் திறந்தேயிருக்கும். நான் கடந்து போனாலும் எழுந்திருக்க மாட்டார். அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஊருக்கெல்லாம் களி சொல்கிறவர் தனக்கு ஏன் கிண்டிக்கொள்ளவில்லை என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நாளாயிற்று. எள்ளையும் வெந்தயத்தையும் அவர் அடுப்பில் வறுத்தால் வாசனை வரும். வாசனை வந்தால் மாமியாருக்குத் தெரியும். தன் வைத்தியமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வெறும் தரையில் கிடந்தார் அந்த மனுஷி.

ஆகவே நான் வறுத்தேன். என் அடுப்பு, என் சட்டி, யார் கேட்பார்கள்? கேட்டால் இடுப்புவலி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆச்சி அடுத்த தடவை ஒதுங்கியபோது சோற்றோடு ஓர் உருண்டையை வைத்துக் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்தார், என்னைப் பார்த்தார். முழுவதையும் சாப்பிட்டார்.

"எள்ளை இன்னும் கொஞ்சம் முன்னாடியே எறக்கியிருக்கலாம்," என்றார். "கருகிட்டா கசப்புத் தட்டும்."

"சரி ஆச்சி. நாளைக்குப் பாத்து எறக்குறேன்."

அதற்குப் பிறகு தினமும் மூடி போட்ட கிண்ணத்தில் களி அந்தப்பக்கம் போயிற்று. ஆச்சியின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. தரையில் கிடப்பது குறைந்தது. ஒருநாள் மத்தியானம் அவர் பாயில் படுத்துக் குறட்டைவிட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நான் முற்றத்தின் இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு என் பிள்ளைக்காக என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மாமியாருக்கு மூக்கு இருக்கிறது என்பதை நான் மறந்துவிட்டேன். அவர் என்னைக் கேட்கவில்லை. எங்கள் மாமியார் யாரைப் பற்றிக் கேட்க வேண்டுமோ அவரைத் தவிர மற்றவரிடம்தான் கேட்பார். அந்த ஆவணியில் மூத்த மகன் பர்மாவிலிருந்து வந்திருந்தார். ஆச்சி அன்று பின்கட்டில் ஒதுங்கியிருந்தார், பெரியவர் என் அடுப்படியில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்.

"சின்னவ அடுப்புல களி வாசனை வருதுப்பா," என்றார், நான் அங்கே நிற்கவே இல்லை என்கிற மாதிரி. "இளையவளுக்கே அந்தக் காலம் வந்துருச்சுன்னா மூத்தவளுக்கு இன்னும் என்னத்தைக் காத்திருக்கிறது? மாசம் வருதுன்னு பேருதான். காய்க்காத மரத்துக்கு எத்தனை வருசம் தண்ணி ஊத்துறது? இந்தத் தடவை நீ கப்பலேறுறதுக்குள்ள பையனைக் கூட்டிரணும்."

"சரி ஆத்தா. செய்ங்க," என்றார் பெரியவர். ரசம் கேட்டார்.

நான் ரசக் கரண்டியோடு நின்றேன். களி எனக்கில்லை என்று சொன்னால், பிறகு யாருக்கு என்று கேட்பார்கள். யாருக்கு என்று சொன்னாலும் பிள்ளை போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும். ரசத்தை ஊற்றினேன். பெரியவர் போதும் என்று கையைக் காட்டின பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, இலையைத் தாண்டி ஓடிற்று.

தட்டைக் கொண்டுபோனபோது ஆச்சியிடம் சொன்னேன். வழக்கமான சொல் வரும் என்று எதிர்பார்த்தேன். அது வரவில்லை. 

"எள்ளு வாசனை பொல்லாதது," என்றார்.

"ஆமா ஆச்சி."

"நல்லாத்தான் கிண்டியிருந்தே."

வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். பங்காளிகள் வந்தார்கள், சங்கு ஊதினார்கள். பையனுக்குப் பட்டுக் கட்டி மணையில் உட்காரவைத்து மஞ்சள் நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டால் பிறந்த வயிறு மாறியது என்று கணக்கு. பெற்றவள் கண் படக் கூடாது என்று என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டதால் நான் எதையும் பார்க்கவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினேன். நிறையப் பேருக்குச் சமையல், நிறையக் காய். சங்குச் சத்தம் கேட்டபோது கை நிற்கவில்லை. அழுகையும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே மரத்துப்போயிருந்தது, கிள்ளினாலும் தெரிந்திருக்காது.

விருந்தாளிகள் போன பிறகு மாமியார் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். "பிள்ளை அங்குட்டு ஒட்டணும்னா இங்குட்டுக் கை நனைக்கக் கூடாது. சின்னவளே, உன் அடுப்புச் சோறு ஒரு பருக்கை அவனுக்குப் போடாதே. பழகிட்டான்னா பொறகு அவன் ரெண்டு பக்கமும் இல்லாமப் போயிருவான்."

தப்பான பேச்சு என்று சொல்ல முடியாது. நான் தலையாட்டினேன். ஆச்சி, "இருக்கட்டும்," என்றார்.

அவன் முற்றத்துக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். எட்டு வயது. ஆச்சி பார்த்துப் பார்த்துத்தான் போட்டார், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அவனுக்குக் கடைசிச் சோற்றுக்குக் கட்டித் தயிர் வேண்டும். புது இடத்தில் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மோரைப் பிசைந்து வைத்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருப்பான். எனக்கு இங்கிருந்தே தெரியும். என் உறியில் தயிர் இருக்கும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வாரம் முடியவில்லை, ஆச்சி மாற்றுச்சீலையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மாமியார் வழிமறித்தார்.

"என்ன மூத்தவளே, இப்பத்தானே முழுகினே?"

"சூடு அயித்தை. முன்கூட்டியே வந்துருச்சு," என்றார் ஆச்சி. நின்றுகூடச் சொல்லவில்லை.

மாமியார் நடுமுற்றத்தில் நின்றார். ஒதுங்கினவள் அடுப்பு எரியக் கூடாது, அவள் வீட்டுக்கு மற்றவள்தான் சோறு போட வேண்டும். அந்தச் சட்டம் அவருடைய மாமியார் காலத்தது. பையனுக்கு என் அடுப்பில் பருக்கை கூடாது என்பது அவர் போன வாரம் போட்ட சட்டம். பழைய சட்டத்தை மீறினால் ஊர் சிரிக்கும். "போடு. பட்டினியா கெடக்க முடியும்?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பையன் வந்து, தான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். கடைசியில் நிமிர்ந்து, "ஆத்தா, தயிரு," என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சின்னாத்தா," என்று திருத்தினான். நான் தயிரை ஊற்றினேன்.

ஆச்சிக்குத் தட்டைக் கொண்டுபோனேன்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான் ஆச்சி."

"தயிரு கேட்டானா? எங்கிட்டக் கேக்க மாட்டேங்கிறான்." சோற்றைப் பிசைந்தார். "ரெண்டு நாளைக்கு இருக்கும். கட்டியாத் தோச்சு வையி."

ஆச்சிக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பிள்ளை கூட்டியாகிவிட்டது. இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆகவே அவர் அந்தச் செங்கல் தரைக்கு வந்ததற்கு வேறு காரணம் இருக்க முடியாது. இதற்கு முன்னால் ஒதுங்கினதெல்லாம்கூட இதற்காகத்தானோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றிற்று. கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும்.

அதிலிருந்து ஆச்சியின் மாதக் கணக்கு ஒரு ஒழுங்கில் நிற்கவில்லை. சில மாதம் இரண்டு தடவை வரும். பையனுக்குக் காய்ச்சல் கண்டால் தவறாமல் வந்துவிடும். ஒரு வருஷம் பிள்ளையார் நோன்பன்று வந்தது. மாவில் திரி வைத்து ஏற்றி அதை அப்படியே விழுங்குகிற இழையை, வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்துக்கொள்கிற நாள். அவருக்கென்று கூட்டின பிள்ளைக்குப் பக்கத்தில் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன். பின்கட்டில் ஆச்சி தனியாக இருந்தார். ஊரில் எத்தனையோ கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி, புதுமனை, எதற்கும் அவரால் நிச்சயமாக வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை. பர்மாவிலிருந்து கணவர் வந்திருந்தபோதும் நடுவில் மாற்றுச்சீலையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். பெரியவருக்கு அதில் கோபம்.

ஐம்பதைத் தாண்டியும் ஒதுங்கினால் ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர் எடுக்கிற இடத்தில் பேச்சு எழுந்தது. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிலர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஆச்சி, எங்களுக்கெல்லாம் களி குடுத்துக் கடையை அடைக்கச் சொன்னீக. நீங்க மட்டும் என்னத்தைச் சாப்பிட்டு இன்னும் தெறந்து வச்சிருக்கீக?"

"அதே களிதான்," என்றார் ஆச்சி, முகத்தில் ஒரு ரேகை அசையாமல். "எள்ளைக் கருகாம எறக்கணும். உங்க யாருக்கும் அது கைவரல."

அந்த வருஷம் திருப்பத்தூர்ச் சந்தையில் கறுப்பு உளுந்துக்கு அடிபிடி. நான் உள்ளே போய்த் தனியாகச் சிரித்தேன்.

மாமியார் இதை நம்பினாரா, நம்புகிற மாதிரி இருந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. கடைசியாக அவர் படுத்திருந்தபோது நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமல், "மூத்தவ ஒதுங்கியிருக்காளா?" என்று கேட்டார்.

"ஆமா அயித்தை."

"அப்பப் பையனுக்குச் சோறு போட்டியா?"

"போட்டேன்."

"சரி," என்றார். கஞ்சி போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

அவர் போன பிறகு அந்தச் சட்டத்தைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஆனாலும் பங்காளிகள் இருந்தார்கள், நாலு பேர் வாய் இருந்தது. ஆச்சி வழக்கத்தை மாற்றவில்லை. பையன் மீசை அரும்பின பிறகும், குரல் உடைந்த பிறகும், ஆச்சி ஒதுங்கினால் இந்தப்பக்கம் வந்து உட்காருவான். அவன் வாயில் சின்னாத்தா என்ற சொல் நன்றாகப் பழகியிருந்தது. ஆத்தா என்று தவறிச் சொல்வதெல்லாம் நின்றுவிட்டது. நான் அதையும் தாங்கிக்கொண்டேன். சோறு போடுகிற கைக்கு யார் என்ன பெயர் வைத்தால் என்ன?

பிறகு அவனுக்கும் காலம் வந்தது. பெரியவர் எழுதிவிட்டார், கடைக்கு ஆள் வேண்டும், பையனை அனுப்பு என்று. வண்டி கட்டினார்கள். அவன் ஆச்சி காலில் விழுந்தான், பிறகு என் காலில் விழுந்தான். முறைப்படி அதுதான் வரிசை. ரயிலேறி, சென்னப்பட்டணத்தில் கப்பலேறிவிட்டதாகத் தகவல் வந்தது.

அந்த மாதம் நான் வழக்கம்போல ஆச்சிக்கும் சேர்த்து அரிசி களைந்து வைத்திருந்தேன். முற்றத்துக்கு அந்தப்பக்கம் புகை வந்தது. போய்ப் பார்த்தேன். ஆச்சி அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்திருந்தார். போன தடவை ஒதுங்கி மாதம் தாண்டி நாலைந்து நாளாகியிருந்தது. ஒதுங்குகிற அறையில் பாய் சுருட்டினபடி சுவரில் சாய்ந்திருந்தது.

"என்ன ஆச்சி, இந்த மாசம் இன்னும் ஒதுங்கலையா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டதே இல்லை.

"நின்னுபோச்சுத்தா," என்றார். விறகை உள்ளே தள்ளினார். "இனி யாருக்காக வரணும்?"

சங்கு ஊதினபோது வராத அழுகை, வண்டி தெருமுனை திரும்பினபோது வராத அழுகை, அந்த அடுப்படியில் வைத்து வந்தது. என் பிள்ளை என்னைவிட்டுப் போய்விட்டான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.